ரத்தக் குழாய் அடைப்பில் செல்களின் நுண்பைகளுக்கு என்ன வேலை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 58 வயது. இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். "அடைப்புக்குக் காரணம் கொலஸ்ட்ரால் இல்லை, செல்கள் வெளியே தள்ளும் எக்ஸோசோம்கள்தான்" என்று ஒருவர் பேசிய வீடியோவைப் பார்த்திருக்கிறீர்கள். அவற்றை எண்ணிச் சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனையும், அடைப்பைக் கரைக்க ஓர் எக்ஸோசோம் ஊசியும் இருப்பதாக அதில் சொன்னார்களாம். இரண்டையும் செய்துபார்க்கலாமா என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. இந்தப் பைகள் நோயை உண்டாக்குகின்றனவா, இல்லை நோயில் சிக்கிய செல்கள் உதிர்த்தவையா? அதைப் பார்த்துவிட்டால் டெஸ்டைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் நீங்களே முடிவெடுக்கலாம்.

நான் இதய மருத்துவர் இல்லை. ரத்த உறைவையும் ரத்தக் குழாய்களையும் ஆராயும் ஆய்வுக்கூடங்களில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் இந்தப் பைகளை ரத்தத்திலிருந்து பிரிப்பதிலும் எண்ணுவதிலும் போனது. ஆகவே அப்பாவின் மாத்திரைகளைக் கூட்டுவது, குறைப்பது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. பைகளைப் பற்றியும் அவற்றை அளப்பதில் உள்ள சிக்கல்களைப் பற்றியும் கைப்பட வேலை செய்தவனாகச் சொல்ல முடியும்.

ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பால் ஆன ஓர் இரட்டை அடுக்கு உறை இருக்கிறது. நம் உடம்பில் ஏறக்குறைய எல்லா வகைச் செல்களும் அந்த உறை போர்த்திய சின்னஞ்சிறு பைகளை வெளியே விடுகின்றன. உள்ளே அந்தச் செல்லின் புரதங்கள், கொழுப்புகள், ஆர்என்ஏ (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) துண்டுகள் இருக்கும். ஆய்வுலகில் இவற்றுக்குப் பொதுப்பெயர் எக்ஸ்ட்ராசெல்லுலார் வெசிகிள். நான் நுண்பை என்றே எழுதுகிறேன். செல்லுக்குள் ஓர் அறையில் தயாராகி, அந்த அறை செல் உறையோடு ஒட்டித் திறக்கும்போது வெளிவருபவைதான் எக்ஸோசோம்கள். அளவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். செல் உறையே வெளிப்பக்கம் மொட்டுவிட்டுக் கழன்று வருவது மைக்ரோவெசிகிள், 100 முதல் 1000 நானோமீட்டர் வரை. சாகிற செல் சிதறும்போது வரும் துண்டுகள் இன்னும் பெரியவை. அளவு மனதில் நிற்க ஓர் ஒப்பீடு: கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்கிறோமே, அந்த எல்டிஎல் துகள் 20 முதல் 25 நானோமீட்டர்தான். சிவப்பணு ஏழெட்டு மைக்ரான், அதாவது ஏழாயிரம் எட்டாயிரம் நானோமீட்டர்.

வீடியோவில் எல்லாவற்றையும் எக்ஸோசோம் என்று சொன்னதே முதல் பிழை. ரத்தத்திலிருந்து எடுத்த ஒரு பையைப் பார்த்து, அது செல்லுக்குள் பிறந்ததா, உறையிலிருந்து மொட்டுவிட்டதா என்று சொல்ல பெரும்பாலும் வழியில்லை. இந்தத் துறையின் சர்வதேசச் சங்கம் 2018, 2023 என்ற ஆண்டுப் பெயர்களில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பிறந்த வழியை நிரூபிக்காதவரை பொதுப்பெயரையே எழுதுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. 1946இல் எர்வின் சார்காஃபும் ராண்டால்ஃப் வெஸ்டும் தட்டணுக்களை (ரத்தம் உறைய உதவும் சின்ன அணுக்கள்) நீக்கிய பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, அதிவேகத்தில் சுழற்றினார்கள். (டிஎன்ஏவின் எழுத்து விகிதங்களைக் கண்டுபிடித்த அதே சார்காஃப்தான்.) சுழற்றிய பிளாஸ்மா உறைய அதிக நேரம் எடுத்தது. அடியில் படிந்ததைத் திரும்பச் சேர்த்தால் சீக்கிரம் உறைந்தது. ஆக, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு துகள் உறைவைத் தூண்டுகிறது என்று தெரிந்தது. 1967இல் இங்கிலாந்தில் பீட்டர் வுல்ஃப் அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, தட்டணுக்கள் உதிர்த்த தூசி என்று பெயர் வைத்தார். வெகுகாலம் எல்லோரும் அதைத் தூசியாகவே நினைத்தார்கள். 1980களில் மான்ட்ரியலில் ரோஸ் ஜான்ஸ்டனின் குழு, இளம் சிவப்பணுக்கள் தமக்கு இனித் தேவைப்படாத புரதத்தைப் பைகளில் கட்டி வெளியேற்றுவதைக் கண்டது. எக்ஸோசோம் என்ற பெயர் இன்றைய பொருளில் நிலைத்தது அப்போதுதான். 2007இல் ஸ்வீடனில் யான் லோட்வாலின் குழு, இந்தப் பைகளுக்குள் இருக்கும் ஆர்என்ஏ வேறொரு செல்லுக்குள் போய் அங்கே புரதம் தயாராக வைக்க முடியும் என்று காட்டியது. தூசி என்று நினைத்தது சேதி சுமக்கவும் கூடும் என்றதும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெள்ளமாக வந்தன. வீடியோக்கள் அந்த வெள்ளத்தில் வந்தவை.

சரி, தமனிக்கு வருவோம். அடைப்பு குழாய்க்குள் அழுக்கு சேர்வதுபோல் சேர்வதில்லை. அது குழாயின் சுவருக்குள் வளர்கிறது. எல்டிஎல் துகள்கள் உட்சுவர்ச் செல்களைத் தாண்டி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்கின்றன. அவற்றை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கி விழுங்கிக் கொழுத்து அங்கேயே சாகின்றன. அந்தக் குவியலை மூட, சுவரின் தசைச் செல்கள் மேலே நார்களால் ஒரு மூடி போடுகின்றன. இதைத்தான் பிளேக் என்கிறோம். எல்டிஎல் இந்தக் கதையின் தொடக்கத்தில் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பிறவியிலேயே எல்டிஎல் மிக அதிகமாக உள்ள குடும்பங்களில் இளவயதிலேயே மாரடைப்பு வருகிறது. பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அரிதாகவே வருகிறது. மருந்தால் குறைத்தால் அபாயம் குறைகிறது. இப்படி மூன்று பக்கத்திலிருந்தும் சாட்சி கிடைத்த விஷயம் மருத்துவத்தில் அதிகம் இல்லை. கொலஸ்ட்ரால் காரணமில்லை என்று சொல்லும் வீடியோ அந்த ஒரு வரியிலேயே தவறிவிட்டது.

நுண்பைகள் இந்தக் கதைக்குள் வருவது அதற்குப் பிறகு. இரண்டு இடங்களில் அவற்றின் வேலை எனக்கு உறுதியாகத் தெரிகிறது. ஒன்று உறைவு, இன்னொன்று சுண்ணாம்பு படிதல்.

உறைவை முதலில் எடுத்துக்கொள்கிறேன். செல் உறையின் இரண்டு அடுக்கில், பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பை உள் அடுக்கிலேயே வைத்திருக்க ஆரோக்கியமான செல் ஓயாமல் ஆற்றல் செலவழிக்கிறது. செல் தூண்டப்பட்டாலோ சாகத் தொடங்கினாலோ அந்தக் கட்டுப்பாடு போய், அது வெளிப்பக்கம் புரண்டுவிடும். அப்போது கழன்று வரும் பைகளின் மேற்பரப்பில் அந்தக் கொழுப்பு துருத்திக்கொண்டிருக்கும். ரத்தம் உறையத் தேவையான புரதங்கள் கால்சியத்தின் துணையோடு வந்து ஒட்டிக்கொள்ள அதுதான் தோதான மேடை. ஒரே அளவு பரப்பை எடுத்துக்கொண்டால், தூண்டப்பட்ட தட்டணுவின் உறையைவிட அது உதிர்த்த பையின் உறை 50 முதல் 100 மடங்கு அதிகமாக உறைவைத் தூண்டுகிறது என்று அளந்திருக்கிறார்கள். இதற்கு இயற்கையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. ஸ்காட் சிண்ட்ரோம் என்ற மிக அரிதான பிறவிக் கோளாறில் இந்தக் கொழுப்பு புரளாது, பைகளும் சரியாக உதிராது. அவர்களுக்கு ரத்தப்போக்கு எளிதில் நிற்காது.

1999இல் பாரிஸில் சியாத் மல்லா, அலன் தெத்கி குழு கழுத்துத் தமனியிலிருந்து அறுவை சிகிச்சையில் எடுத்த பிளேக்குகளைப் பிரித்துப் பார்த்தது. உள்ளே நுண்பைகள் குவிந்து கிடந்தன. உறைவைத் தொடங்கிவைக்கும் திசுக்காரணி என்ற புரதம் அந்தப் பைகளோடு இருந்தது. பிளேக்கின் மூடி கிழிந்தால் இந்தச் சரக்கு முழுவதும் ஒரே நொடியில் ஓடும் ரத்தத்தைத் தொடுகிறது. சில நிமிடங்களில் ரத்தக்கட்டி உருவாகிக் குழாயை அடைக்கிறது. உங்கள் அப்பாவுக்கு அன்று நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஆஸ்பிரினும் கூடவே இன்னொரு தட்டணு எதிர்ப்பு மாத்திரையும் கொடுத்திருப்பார்களே, அவை இந்தக் கட்டியின் இன்னொரு பாதியை, அதாவது தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பவை.

சுண்ணாம்பு விஷயம் என் மனதுக்கு நெருக்கமானது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எலும்பு வளரும்போது குருத்தெலும்புச் செல்கள் பைகளை வெளியே விடுகின்றன, அந்தப் பைகளுக்குள்தான் கால்சியம் பாஸ்பேட்டின் முதல் படிகம் உருவாகிறது என்று 1960களின் கடைசியிலேயே தெரியும். தமனிச் சுவரிலும் அதேதான் நடக்கிறது. லண்டனில் கேத்தரின் ஷனஹன் குழு பல வருடம் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தது. தமனியின் தசைச் செல்கள் சாதாரணமாகவே பைகள் விடுகின்றன. அவற்றுக்குள் ஃபெட்யூயின்-ஏ, எம்ஜிபி என்ற காவல் புரதங்கள் இருக்கும்வரை படிகம் பிடிக்காது. சிறுநீரகம் கெட்டு ரத்தத்தில் பாஸ்பேட் ஏறும்போது செல்கள் அந்தக் காவல் இல்லாத பைகளை விடத் தொடங்குகின்றன. அவற்றில் சுண்ணாம்பு பற்றிக்கொள்கிறது. டயாலிசிஸில் இருப்பவர்களின் தமனிகள் இளவயதிலேயே கல்லாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எம்ஜிபி வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். அந்த வைட்டமினைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்துக்கும் தமனிச் சுண்ணாம்புக்கும் தொடர்பு பேசப்படுவது இதனால்தான்.

பிளேக்குக்குள் வெள்ளணுக்களும் இதே மாதிரிப் பைகளை விடுகின்றன. பாஸ்டனில் எலெனா ஐகாவாவின் குழு 2016இல் காட்டியது இது: நார் குறைவாக உள்ள இடைவெளிகளில் இந்தப் பைகள் சேர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, நுண்ணிய சுண்ணாம்பு மணிகளாகின்றன. நார் நிறைந்த இடத்தில் இப்படிச் சேர வழியில்லை. பிளேக்கின் மூடி 65 மைக்ரானுக்குக் கீழே மெலிந்தால் கிழியும் அபாயம் அதிகம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அவ்வளவு மெல்லிய மூடிக்குள் சில மைக்ரான் அளவில் ஒரு கடினமான மணி உட்கார்ந்தால் என்ன ஆகும்? ரத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் மூடியை இழுக்கும்போது அந்த மணியைச் சுற்றி இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று நியூயார்க்கில் ஷெல்டன் வைன்பாமின் குழு 2006இல் கணக்கிட்டது. துணியில் சிக்கிய சிறுகல்லைச் சுற்றித்தான் முதலில் கிழியும். இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த நுண்மணிகள் சிடி ஸ்கேனில் தெரியாது. அதில் தெரிவது பெரிய, கெட்டியான சுண்ணாம்பு. அது பெரும்பாலும் ஆறிய புண்ணின் தழும்பு மாதிரி. ஆனால் ஃபுளோரைடை வைத்து எடுக்கும் ஒருவகை பெட் ஸ்கேன், புதிதாகப் படியும் சுண்ணாம்பைக் காட்டும். எடின்பரோவில் 2014இல் மாரடைப்பு வந்த 40 பேருக்கு அதை எடுத்துப் பார்த்தார்கள். 37 பேருக்கு, அடைத்துக்கொண்ட அதே பிளேக்தான் மற்ற எல்லா இடத்தையும்விட அதிகமாக ஒளிர்ந்தது. இடையில் ஒன்று: கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சில வருடம் கழித்து சிடியில் சுண்ணாம்பு அளவு கூடித் தெரிவது உண்டு. பிளேக் கெட்டிப்படுவதன் அடையாளமாகவே அதைப் பார்க்கிறார்கள், மருந்து கெடுதல் செய்வதாக இல்லை. பின்னாளில் அப்பாவின் ரிப்போர்ட்டில் அப்படி வந்தால் பயந்து மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் கெட்ட வேலை. நல்ல வேலையும் இருக்கிறது, அதை வீடியோக்கள் சொல்வதே இல்லை. வாய்க்காலில் தண்ணீர் நேராக ஓடும் இடத்தில் வண்டல் நிற்காது, மடை திரும்பும் இடத்தில் சுழித்து நிற்கும். பிளேக்குகளும் தமனி கிளை பிரியும் இடங்களில்தான் அதிகம். ஆனால் அது சேறு படிவதுபோல் வெறுமனே நடப்பதில்லை. ரத்தம் சீராக வருடிக்கொண்டு போகும் இடத்தில் உட்சுவர்ச் செல்களில் கேஎல்எஃப்2 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் விழித்திருக்கிறது. 2012இல் பிராங்க்ஃபர்ட் குழு ஒன்று, அப்படி விழித்திருக்கும் செல்கள் மைக்ரோஆர்என்ஏ (மரபணுக்களின் வேலையை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) 143, 145 ஆகியவற்றைப் பைகளில் வைத்து அடுத்த அடுக்கில் உள்ள தசைச் செல்களுக்கு அனுப்புகின்றன, அது தசைச் செல்களை அமைதியாக வைத்திருக்கிறது என்று காட்டியது. அந்தப் பைகளை எலிகளுக்குச் செலுத்தியபோது பிளேக் குறைந்தது. அதற்கு முன்பே, 2009இல், சாகும் உட்சுவர்ச் செல்களின் துண்டுகள்கூட மைக்ரோஆர்என்ஏ 126ஐச் சுமந்து பக்கத்துச் செல்களுக்குப் பழுதுபார்க்கும் சைகை கொடுக்கின்றன என்று எலிகளில் கண்டிருந்தார்கள். ஆக, பை நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதிலில்லை. எந்தச் செல், எந்த நிலையில் விட்டது என்று கேட்டால்தான் பதில் உண்டு.

இப்போது உங்கள் உள்கேள்விக்கு வருகிறேன். காரணமா, விளைவா? மனித பிளேக்குக்குள் பைகள் இருக்கின்றன, அவை உறைவைத் தூண்டும், சுண்ணாம்பைப் பிடிக்கும் என்பது உறுதி. மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் சில வகைப் பைகள் அதிகம் என்பதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. 2001இல் பாரிஸ் குழு ஒன்று, மாரடைப்பு நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த பைகளை எலித் தமனித் துண்டுகளோடு வைத்தபோது அந்தத் தமனி சரியாக விரிய மறுத்தது, இதய நோய் இல்லாதவர்களின் பைகளால் அப்படி ஆகவில்லை என்று காட்டியது. இதெல்லாம் பைகள் வெறும் பார்வையாளர்கள் இல்லை என்பதற்குச் சாட்சி. ஆனால் எல்டிஎல்லுக்குச் சொன்னேனே மூன்று பக்கச் சாட்சி, அது பைகளுக்கு இல்லை. பைகளை மட்டும் குறைத்து, வேறெதையும் தொடாமல், மனிதர்களில் மாரடைப்பு குறைகிறதா என்று பார்த்த சோதனை ஒன்றுகூடக் கிடையாது. செய்வதும் கடினம், ஏனென்றால் பை உதிர்வதைத் தடுக்கும் பொருள்கள் செல்லில் இன்னும் பல வேலைகளைச் சேர்த்துத் தடுக்கின்றன. எலிகளுக்குச் செலுத்தும் பைகளின் அளவும் உடம்பில் இயல்பாக இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பது வழக்கம். என் கணிப்பு என்னவென்றால், பைகள் தொடங்கிவைப்பவை இல்லை. எல்டிஎல்லும் புகையும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் செல்களைக் காயப்படுத்திய பிறகு, அந்தக் காயத்தைப் பரப்பவும் கடைசி நிமிடத்தில் கட்டியாக்கவும் கைகொடுப்பவை. இது கணிப்புதான், அதற்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மைக்ரோஆர்என்ஏ கதையில் எனக்கு இன்னும் அதிகத் தயக்கம் உண்டு. 2011இல் வந்த ஆய்வுகள், ரத்தத்தில் உள்ள மைக்ரோஆர்என்ஏவில் பெரும்பகுதி பைகளுக்குள் இல்லை, புரதங்களோடு ஒட்டி வெளியே திரிகிறது என்று காட்டின. 2014இல் ஒரு குழு உட்கார்ந்து எண்ணியது. அதிகமாக இருக்கும் மைக்ரோஆர்என்ஏவில்கூட ஒரு பிரதி கிடைக்க நூறு எக்ஸோசோமுக்கு மேல் தேடவேண்டியிருந்தது. கடிதமே இல்லாத உறைகள்தான் பெரும்பாலும் என்றால் சேதி எப்படிப் போகிறது? தமனிச் சுவருக்குள், பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு நடுவே, பைகள் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் இது நடக்கலாம் என்று நான் ஏற்கிறேன். ரத்தத்தில் கலந்து எங்கோ போய்ச் சேதி சொல்கிறது என்ற பேச்சை அவ்வளவு எளிதில் ஏற்கமாட்டேன். வெளியிலிருந்து செலுத்தும் பைகளில் பெரும்பகுதியைச் சில நிமிடங்களிலேயே கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துவிடுகின்றன.

டெஸ்ட் வேண்டாம் என்று நான் சொல்வதற்கான காரணம் அளக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு மில்லிலிட்டர் ரத்தப் பிளாஸ்மாவில் எல்டிஎல் துகள்கள் மட்டும் ஏறத்தாழ 6 கோடி கோடி இருக்கும். நுண்பைகளைத் தாராளமாக ஆயிரம் கோடி என்று வைத்தாலும், ஒரு பைக்கு 60,000 எல்டிஎல். இதற்கு மேல் சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் பெரிய கொழுப்புத் துகள்கள், அவை அளவில் பைகளைப் போலவே இருக்கும். நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எச்டிஎல் துகளோ அடர்த்தியில் பைகளைப் போல இருக்கும். துகள்களின் அசைவை வைத்து எண்ணும் கருவிக்கு இது பை, இது கொழுப்பு என்று வித்தியாசம் தெரியாது. இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கும் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கும் வேறு வேறு எண் வரும்.

ரத்தம் எடுக்கும் விதமே கணக்கை மாற்றும் என்பது இன்னும் பெரிய தொல்லை. நாங்கள் ஒருமுறை இதய நோயாளிகளையும் ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டோம். நோயாளிகளுக்குத் தட்டணுப் பைகள் மூன்று மடங்கு அதிகமாக வந்தன. எங்களுக்கு ஒரே சந்தோஷம். கட்டுரை எழுதத் தொடங்கிய பிறகு, கூட வேலை பார்த்த ஒரு பெண் ஒரு விஷயத்தைக் கேட்டார். ஆரோக்கியமானவர்களின் ரத்தம் எங்கள் அறைக்குப் பக்கத்திலேயே எடுக்கப்பட்டு அரைமணிக்குள் சுழற்றப்பட்டது. நோயாளிகளின் ரத்தம் வேறொரு கட்டடத்திலிருந்து மோட்டார் சைக்கிளில், மேடு பள்ளத்தில் குலுங்கிக்கொண்டு, மூன்று மணி நேரம் கழித்து வந்தது. என் ரத்தத்தையே எடுத்து, பாதியை மேசையில் வைத்தோம், பாதியை மோட்டார் சைக்கிளில் அனுப்பித் திரும்ப வரவைத்தோம். அதே மூன்று மடங்கு. நோய் என்று நாங்கள் நினைத்தது ரோட்டுக் குலுக்கல். ஒரு வருட வேலை போனது. அந்தப் பெண் கேட்டிருக்காவிட்டால் அது அச்சாகி, யாரோ ஒருவரின் டெஸ்டுக்கு ஆதாரமாகவும் ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகு ஊசியின் தடிமன், முதல் குழாயை ஒதுக்கிவைப்பது, ரத்தம் உறையாமல் வைக்கும் சிட்ரேட் குழாய், இரண்டுமுறை 2500 ஜி விசையில் (புவியீர்ப்பைப்போல் 2500 மடங்கு) பதினைந்து நிமிடம் சுழற்றுவது, உறையவைக்கும் முன் ஒரு தட்டணுகூட மிச்சமில்லாமல் பார்ப்பது என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தோம். ஒரு தட்டணு மிஞ்சினாலும் உறைந்து உருகும்போது அது வெடித்துப் புதிய பைகளைத் தரும். தெருமுனை கலெக்‌ஷன் சென்டரில் எடுத்து, கூரியரில் போகும் குழாயில் இதெல்லாம் நடக்காது.

எல்லாம் சரியாக நடந்தாலும் ஓர் அடிப்படைச் சிக்கல் மிஞ்சும். 2007இல், முன்பு பிளேக்கைப் பிரித்துப் பார்த்த அதே பாரிஸ் குழு, பிளேக்கில் உள்ள பைகளையும் அதே நோயாளிகளின் ரத்தத்தில் உள்ள பைகளையும் ஒப்பிட்டது. பிளேக்கில் அடர்த்தி 200 மடங்குக்கும் மேல். அங்கே இருந்தவை பெரும்பாலும் வெள்ளணு, சிவப்பணு, தசைச் செல் வகைப் பைகள். ரத்தத்தில் இருந்தவை பெரும்பாலும் தட்டணு வகை, அவை பிளேக்குக்குள் கிடைக்கவே இல்லை. ஆக, கையில் எடுக்கும் ரத்தத்தில் பைகளை எண்ணி இதயத் தமனிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வது, ஆற்று முகத்துவாரத்தில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து மலையில் எந்தச் சுனை கலங்கியிருக்கிறது என்று சொல்வது மாதிரி. உட்சுவர்ச் செல்களின் பைகள் அதிகமுள்ள இதய நோயாளிகளுக்குப் பின்னாளில் பாதிப்புகள் அதிகம் என்று சில நூறு பேரை வைத்துச் செய்த நல்ல ஆய்வுகள் உண்டு, அவற்றை மதிக்கிறேன். ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய செய்தி. உங்கள் அப்பா என்ற ஒருவருக்கு எந்த எண் சரி, எந்த எண் ஆபத்து என்று ஒத்துக்கொண்ட வரம்பு எங்கும் இல்லை. அப்படியே ஒரு எண் கூடுதலாக வந்தாலும், அதை வைத்து மருத்துவர் மாற்றக்கூடிய மருந்து ஒன்றும் இல்லை.

ஊசி விஷயத்தில் நான் இன்னும் கறாராகச் சொல்வேன்: போடாதீர்கள். இதற்கு வேராக இருக்கும் ஆய்வு நல்ல ஆய்வுதான். 2010இல் சிங்கப்பூரில் சாய் கியாங் லிம்மின் குழு, ஸ்டெம் செல்களின் எக்ஸோசோம்களை எலிகளுக்குக் கொடுத்து, மாரடைப்பில் சேதமாகும் இதயத் தசையின் அளவு குறைவதைக் காட்டியது. அது எலி. அதிலும், ரத்த ஓட்டம் திரும்பும் அந்த நிமிடங்களில் தசையைக் காப்பாற்றுவது. வளர்ந்துவிட்ட அடைப்பைக் கரைப்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. எந்த நோய்க்குமே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அங்கீகரித்த எக்ஸோசோம் மருந்து கிடையாது. 2019 டிசம்பரில், நெப்ராஸ்காவில் இப்படிப்பட்ட ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கடுமையான பாதிப்பு வந்ததை அடுத்து, அது பொதுமக்களுக்கு எச்சரிக்கையே வெளியிட்டது. என் துறை சார்ந்த பயம் ஒன்றும் இருக்கிறது. வளர்ப்புத் தட்டில் பெருக்கும் ஸ்டெம் செல்களின் மேற்பரப்பில் அந்தத் திசுக்காரணி இருப்பது தெரிந்த விஷயம். செல்லின் உறையில் இருப்பது பையின் உறையிலும் வரும். இரண்டு மாதத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்த தமனி உள்ள ஒருவருக்கு, உறைவைத் தூண்டக்கூடிய, தரம் சோதிக்கப்படாத ஒரு கலவையை ரத்தத்தில் செலுத்துவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அந்தப் பணத்துக்குச் செய்யக்கூடியவை இருக்கின்றன. அப்பா புகைபிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பவர் என்றால் அதுதான் முதல் வேலை. வீட்டில் வேறு யாராவது பிடித்தாலும் அப்படித்தான். 2008இல் வந்த ஓர் ஆய்வில், புகைப்பழக்கமே இல்லாத ஆரோக்கியமானவர்களைப் பிறர் புகையில் அரைமணி நேரம் உட்கார வைத்ததற்கே அவர்கள் ரத்தத்தில் உட்சுவர்ச் செல்களின் பைகள் கூடிவிட்டன. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எல்டிஎல் எவ்வளவு என்று கேளுங்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு அது 55 மிகி/டெசிலிட்டருக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். அவ்வளவு இறங்கவில்லை என்றால் என்ன சேர்க்கலாம் என்று அவரிடமே பேசுங்கள். எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளை அளக்கும் லைப்போபுரோட்டீன் ஏ என்ற பரிசோதனையை ஒருமுறை செய்திருக்கிறார்களா என்றும் கேட்டுப்பாருங்கள். அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, வாழ்நாளில் ஒருதடவை பார்த்தால் போதும். அப்பாவுக்கு அதிகமாக இருந்தால் நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அந்த டெஸ்ட் விற்கும் லேபின் ரிப்போர்ட் மாதிரி ஏதாவது உங்கள் கையில் இருந்தால் இங்கே போடுங்கள், பெயரை மறைத்துவிட்டு. எந்தக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள், எத்தனை மணி நேரத்துக்குள் சுழற்றினார்கள், கொழுப்புத் துகள்களை எப்படி ஒதுக்கினார்கள் என்ற மூன்றும் அதில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த இரண்டு தட்டணு மாத்திரைகளில் ஒன்றைக்கூட, பல் பிடுங்குவதற்காகக்கூட, இதய மருத்துவரைக் கேட்காமல் அப்பா நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.